பஸ்ஸை நிறுத்தச் சொன்னவள்

ஒரகடத்தில் கார் இருக்கைகள் செய்யும் கம்பெனி ஒன்றில் மாரிசெல்வி வேலை பார்க்கிறாள். அந்த லைனில் பதினெட்டு இடங்கள், இடத்துக்கு ஓர் ஆள். மாரிசெல்விக்கென்று இடம் கிடையாது. அவள் ரிலீவர். யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் தலைக்கு மேலிருக்கும் மஞ்சள் விளக்கைப் போடுவார்கள். அவள் அங்கே போய் நிற்பாள். ஐம்பத்தெட்டு நொடிக்கு ஒருமுறை இருக்கை அடுத்த இடத்துக்கு நகரும், யாருக்காகவும் நிற்காது. எனவே அவள் பக்கத்தில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பாள். அடுத்த சுற்றில், வேலை செய்பவரின் கை விலகும்போது அந்த இடத்தில் அவள் கை இருக்கும். பதினெட்டு வேலையும் அவளுக்குத் தெரியும். எதுவும் அவளுடையது இல்லை.

வயது முப்பத்தொன்று. கயத்தாறு பக்கம் ஊர். படப்பையில் ஒரு வீட்டின் மாடியில் இன்னும் இரண்டு பெண்களோடு குடியிருக்கிறாள். ஏழு வருடமாகக் கான்ட்ராக்ட் தொழிலாளி. இதற்குள் மூன்று கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். கழுத்து அட்டையின் நிறம் மட்டும் மாறியது.

அவள் முதலுதவி கற்றுக்கொண்டதற்குக் காரணம் ஆர்வம் இல்லை. பாதுகாப்புப் பிரிவிலிருந்து, "லைனுக்கு ஒருத்தரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்" என்று தகவல் வரும். சூப்பர்வைசர் பதினெட்டு பேரையும் பார்ப்பார். யாரை எடுத்தாலும் அன்றைய எண்ணிக்கை விழும். ரிலீவர் எண்ணிக்கையில் வராதவள். அவளை அனுப்பிவிடுவார். இப்படியே நான்கு வருடத்தில் நான்கு முறை ஒரே வகுப்பில் அவள் உட்கார்ந்தாள்.

"மொதத் தடவ ஏசிக்கும் சமோசாவுக்கும்தான் போனேன்" என்று அவளே சொல்வாள்.

இரண்டாவது முறை ஒரு பொம்மையைக் கிடத்தி, நெஞ்சை அமுக்கச் சொன்னார்கள். சரியான ஆழத்துக்கு, ஏறக்குறைய இரண்டு அங்குலம், அமுக்கினால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும். அவளுக்கு எரியவில்லை. லைனில் நட்டு முடுக்கும் துப்பாக்கியிலும் அதே மாதிரி பச்சை விளக்கு உண்டு. எரியாவிட்டால் அந்த இருக்கை ரிஜெக்ட். பச்சை எரியாமல் ஒரு வேலையை விட்டுவிட்டு வருவது அவளுக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போன பிறகும் அமுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்கும்படி குனிந்தபோது விளக்கு எரிந்தது. அறைக்கு வந்து மெத்தையை மடித்துப் போட்டு மறுபடி செய்து பார்த்தாள்.

"ஏட்டி, அந்த மெத்த செத்து ரொம்ப நாளாச்சி. விட்டுரு" என்றாள் உடன் தங்கியிருந்த பாண்டிச்செல்வி.

பாண்டிச்செல்விக்கே ஒரு நாள் அது தேவைப்பட்டது. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். வரிசையில் நிற்பதில் பாதி போய்விடும். அன்று முட்டை போட்ட நாள். அவள் முழு முட்டையை வாயில் போட்டு விழுங்கப் பார்த்தாள், அது தொண்டையில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் புரையேறியதாக நினைத்து உச்சந்தலையில் தட்டினார்கள். "ஊர்ல யாரோ நெனைக்காவ" என்று ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். புரையேறினால் இருமல் வரும். பாண்டிச்செல்வியிடமிருந்து சத்தமே வரவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி டம்ளரைத் தள்ளிவிட்டு, "பேச முடியுதா?" என்று கேட்டாள். தலை மட்டும் ஆடியது. முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை ஓங்கி அடித்தாள். அசையவில்லை. பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கையின் முஷ்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக வெட்டி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் முட்டை பறந்துபோய்ச் சாம்பார் வாளியில் விழுந்தது.

"உசுரக் காப்பாத்துன, சரி. அந்தச் சாம்பார யாரு ஊத்திக்குவா?" என்பதுதான் மூச்சு வந்ததும் பாண்டிச்செல்வி பேசிய முதல் பேச்சு.

இதுவரை நடந்ததில் நான் பெரிதாகப் பாராட்ட ஒன்றுமில்லை. கற்றதை ஒருத்தி செய்தாள், அது பலித்தது. போன பங்குனியில் நடந்தது வேறு.

முதல் ஷிப்டு காலை ஆறிலிருந்து இரண்டரை வரை. அதற்காக மூன்றரைக்கே எழுந்தவர்கள் மத்தியானம் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார்கள். தலை பின்னால் சாயும், வாய் திறக்கும், குறட்டை எழும். யாரும் யாரையும் எழுப்புவதில்லை. இறங்கும் இடம் வந்தால் பக்கத்து ஆள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தப் பஸ்ஸில் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை அது.

அன்று மாரிசெல்விக்கு முன் இருக்கையில் கொம்பையா. மெயின்டனன்ஸ் பிட்டர், நாற்பத்தேழு வயது, சங்கரன்கோவில்காரர். காலையிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லிச் சோடா குடித்திருக்கிறார். பஸ் ஒரகடத்தைத் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவரிடமிருந்து கரகரவென்று பெரிய குறட்டை எழுந்தது.

"கொம்பையாண்ணன் ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணிட்டாரு பாரு" என்றான் வல்லத்துப் பையன் ஹேமந்த். அதே லைனில் ஏழாவது இடத்தில் நிற்பவன். விழித்திருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

"டீசல் கம்மியாக் கீதுபா. விட்டு விட்டு வருது" என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

விட்டு விட்டு வந்தது என்பதுதான் மாரிசெல்வியை நிமிரவைத்தது. ஒரு குறட்டை, பிறகு ஒன்றுமில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணினாள். மறுபடி ஒன்று. எட்டிப் பார்த்தாள். தூங்குபவனின் குறட்டைக்கு வயிறு ஏறி இறங்கும். இவருக்குத் தாடை மட்டும் கரையில் போட்ட மீனைப் போலத் திறந்து மூடியது. நான்காவது வகுப்பில் இதைப் படமாகக் காட்டியிருந்தார்கள். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் இப்படி ஒரு மூச்சு வரும், அதை மூச்சென்று நம்பி ஏமாறாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "அண்ணாச்சி! கொம்பையா அண்ணாச்சி!"

"ஏம்மா, தூங்குற மனுசனப் போய்..." என்று பின்னாலிருந்து யாரோ அலுத்துக்கொண்டார். கொம்பையாவின் தலை பக்கவாட்டில் விழுந்தது. முகம் சாம்பல் நிறம். சட்டை முழுக்க வியர்வை.

பிறகு பஸ் முழுவதும் கூச்சல். டிரைவர் நாகப்பன், பென்னலூர்க்காரர், கண்ணாடியில் பார்த்துவிட்டு விளக்கைப் போட்டு, ஹாரனில் கையை வைத்து, ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"புட்சிக்கினு குந்துங்க எல்லாரும். பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரில வுட்டுர்றேன்!"

"ஓட்டுங்கண்ணே, ஓட்டுங்க!" என்றது பஸ்.

யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் ஒருவர் விழுந்தால் வண்டியில் போட்டுப் பறப்பதுதான் அக்கறை. மாரிசெல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து, நாகப்பனின் தோளில் கை வைத்தாள்.

"வண்டிய நிறுத்துங்கண்ணே."

"இன்னாம்மா சொல்ற நீ?"

"ஓடுற வண்டியில அமுக்க முடியாதுண்ணே. கீழ கெடத்தணும். பத்து நிமிசம் அமுக்காமக் கொண்டு போனா, அங்க போயி நாம எறக்குறது ஆளு இல்ல."

"நடு ரோட்ல போட்டுட்டு இன்னா பண்ணுவ? நீ டாக்டரா?"

"இல்லண்ணே. அந்தா நீலக் கேட்டு தெரியுதுல்ல, அதுக்கு முன்னால நிறுத்துங்க. அங்க ஷாக் குடுக்க மிசினு இருக்கு. நான் சொன்னேன்னு நிறுத்துங்க."

இந்தச் சாலையில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு எல்லாக் கேட்டும் ஏதோ ஒரு காலத்தில் பழக்கமானதுதான். இந்தக் கம்பெனிக்கு வருமுன் அந்த நீலக் கேட்டுக்குள் அவள் எட்டு மாதம் வேலை செய்திருக்கிறாள். நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் அந்த மிஷின் செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒரு பச்சைப் பெட்டியில் மாட்டியிருந்ததைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

பின்னாலிருந்து, "அவ பேச்சக் கேக்காதீங்கண்ணே!" என்று குரல்கள். நாகப்பன் பிரேக்கை மிதித்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று பிற்பாடு அவரைக் கேட்டேன். "எல்லாரும் கத்துனாங்க சார். அது மட்டும் கத்தல. கத்தியிருந்தா நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார்.

நாலு பேர் தூக்கி இறக்கி, கேட்டுக்கு முன்னாலிருந்த சிமென்ட் தரையில் மல்லாக்கக் கிடத்தினார்கள். மாரிசெல்வி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏவினாள். "பாண்டிச்செல்வி, நூத்தியெட்டுக்கு அடிச்சி ஸ்பீக்கர்ல போடு. ஹேமந்த், ஓடிப் போயி கேட்ல பச்சப் பொட்டி கேளு." மண்டியிட்டு, சட்டையைத் திறந்து, நெஞ்சின் நடுவில் கையின் மேல் கை வைத்து அமுக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வரும்வரை பாரத்தை எடுத்தாள். ஒரு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு.

யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். யாரோ வலிப்பென்று நினைத்து இரும்புச் சாவிக்கொத்தைக் கொம்பையாவின் கையில் திணித்தார்கள். "சாவி இருந்தா இருக்கட்டும். அவர நிமித்திராதீங்க" என்றாள், எண்ணிக்கை விடாமல். "மெல்லம்மா, வலிக்கும்" என்றார் ஒரு பெரியவர். அதே நேரம் உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். அவள் கை நிற்கவில்லை.

இரண்டு நிமிடம் அப்படி அமுக்கினால் எந்த ஆளுக்கும் பலம் குறையும், ஆழம் போய்விடும். எதிரில் நின்ற ஏழெட்டுப் பேரில் யாரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இல்லை. ஆனால் எல்லோருமே லைன் ஆட்கள்.

"நான் வந்து உங்க எடத்துல நிப்பேன்ல, அதே மாதிரி எதுத்தாப்புல மண்டி போடுங்க. ஒரு சுத்துப் பாருங்க. முப்பதுன்னு சொல்லி நான் எடுக்கும்போது உங்க கை அங்க இருக்கணும். லைன் நிக்கக் கூடாது."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அவள் கை விலகியது. பாண்டிச்செல்வியின் கை இறங்கியது. ஏழு வருடம் அவள் மற்றவர்களுக்கு ரிலீவராக இருந்தாள். அன்று அவர்கள் முறை. "இன்னும் ஆழம்... கைய மடக்காத... ஆங், அதான்" என்று பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேட்டில் வேறொரு சிக்கல். காவலில் இருந்தவர் தளவாய், அம்பாசமுத்திரத்துக்காரர். ஹேமந்த் போய் மூச்சிரைக்க, "அண்ணே, அந்தப் பொட்டியக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினான்.

"கேட் பாஸ் எங்க?"

"இன்னாண்ணே கேட் பாஸு? ஆளு சாவுறாரு!"

"பொருள் வெளிய போனா பாஸ் வேணும்ல. ஸ்டோர்ஸ் கையெழுத்து, செக்யூரிட்டி ஆபீசர் கையெழுத்து. போன மாசம் ஒரு ஏணிய வெளிய விட்டதுக்கு ஒருத்தன் வேலையே போச்சு."

சொல்லிக்கொண்டே ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டார். ஷிப்டு மாறும் நேரம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. தளவாய் கேட்டுக்கு வெளியே பார்த்தார். ஒரு பெண் கீழே குனிந்து எண்ணுவது கேட்டது. போனை வைத்தார். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினார்.

"ஒங்கிட்டத் தர மாட்டேன். நானே கொண்டு வாரேன். என் கைய விட்டுப் போகலைன்னா அது வெளிய போகலைன்னுதானல அர்த்தம்?"

தொப்பி பறக்க ஓடி வந்தார். அங்கிருந்த நேரம் முழுவதும் பெட்டியின் கைப்பிடியில் ஒரு கையை வைத்திருந்தார்.

பெட்டியைத் திறந்ததும் அது பேச ஆரம்பித்தது. மாரிசெல்வி துப்பட்டாவால் கொம்பையாவின் நெஞ்சை வியர்வை போகத் துடைத்து, படத்தில் போட்டிருந்தபடி இரண்டு பட்டைகளை ஒட்டினாள். அதுவரை அமுக்கல் நிற்கவில்லை. "யாரும் தொடாதீங்க. அண்ணே, நீங்க பொட்டியப் புடிச்சிக்கலாம், அவரத் தொடாதீங்க." எல்லோரும் விலகியதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. கூட்டத்தில் ஒருத்தி அலறினாள். அலறல் அடங்குவதற்குள் மாரிசெல்வி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடம் கழித்து இரண்டாவது ஷாக். அதற்குப் பிறகு ஹேமந்தின் முறை. பதினேழோ பதினெட்டோ எண்ணும்போது கொம்பையாவின் கை மேலே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது. ஹேமந்த் பின்பக்கமாக விழுந்தான். "யம்மா! புட்ச்சிட்டாரு!"

நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது பஸ் நின்று பத்தொன்பது நிமிடம்.

ஒருவரைப் பாராட்டுமுன் அவர் செய்ததிலிருந்து அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீலக் கேட் அந்த இடத்தில் இருந்தது அதிர்ஷ்டம். அவள் அங்கே முன்பு வேலை செய்தது அதிர்ஷ்டம். தளவாய் மனம் மாறியது, ஷாக் பலித்தது எல்லாமே அப்படித்தான். இதே மாதிரி எல்லாம் சரியாகச் செய்தும் பிழைக்காதவர்களே அதிகம். அவளுக்கு அது தெரியும், வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். இதையெல்லாம் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சியது அன்று சாயங்காலம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கொம்பையாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து மூச்சுக்கு மிஷின் பொருத்தியிருந்தார்கள். அடைப்பை எடுத்தாகிவிட்டது, கண் விழிப்பாரா என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் அவர் மனைவி கோமதியம்மாள். பஸ்ஸிலிருந்து யாரோ அவருக்குப் போன் செய்து, "நடு ரோட்ல வண்டிய நிறுத்திப் போட்டிருக்காங்க" என்று சொல்லியிருந்தார்கள். அவர் அறிந்தது அதுதான்.

மாரிசெல்வியைக் கண்டதும் எழுந்தார். "நீதான் நிறுத்தச் சொன்னியா?"

"ஆமா மதினி."

"இங்கன பத்து நிமிசத்துல ஆஸ்பத்திரி இருக்கு. இருபது நிமிசம் ரோட்டுல போட்டு வச்சிருந்தீகளே, மனசு வந்துச்சா?"

"வண்டியில வச்சி ஒண்ணும் செய்ய முடியாது மதினி. அதான் நிறுத்துனேன்."

"அவுக முழிக்கலைன்னா?"

"அப்பவும் நான்தான் நிறுத்துனேன்" என்றாள் மாரிசெல்வி.

கோமதியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிர்ப் பெஞ்சில் நாகப்பன் ஒரு வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குறித்த நிறுத்தம் தவிர வேறெங்கும் கம்பெனி பஸ் நிற்கக் கூடாதென்று விதி. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டு, யார் சொல்லி நிறுத்தினாய் என்று எழுதிக்கொடு, இல்லையென்றால் நாளையிலிருந்து அந்த டிரிப்புக்கு வேறு வண்டி என்று சொல்லிவிட்டார்.

"இன்னாம்மா எழுதுறது?" என்றார் நாகப்பன். "அந்தாளுக்கு எதுனா ஆயிட்சின்னா, வண்டிய நிறுத்திக் கொன்னுட்டான்னு இந்தக் கடுதாசியையே காட்டுவாங்க. எல்லாரும் சேந்து சொன்னாங்கன்னு எழுதட்டா?"

அவர் கேட்டது நியாயமான வழிதான். நாற்பது பேர் இருந்த பஸ். எல்லோரும் சொன்னார்கள் என்றால் யாரும் சொல்லவில்லை என்றுதான் பொருள். மாரிசெல்வியின் கான்ட்ராக்ட் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. காரணம் சொல்லாமலேயே அவளை நிறுத்திவிடலாம்.

அவள் தாளை வாங்கி, பெஞ்சின் மேல் வைத்து எழுதினாள்.

"கொம்பையா அவர்களுக்குப் பேச்சு மூச்சு இல்லை. டிரைவர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டத்தான் பார்த்தார். பஸ்ஸை நிறுத்தச் சொன்னது நான். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள். முதலில் வந்த சத்தத்தைக் குறட்டை என்று நினைத்து நாங்கள் ஒரு நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஒரு நிமிடம் வீணாகிவிட்டது. அதற்கு யாரும் பொறுப்பில்லை, எங்களுக்குத் தெரியவில்லை. பஸ் நின்ற பத்தொன்பது நிமிடத்துக்கு நான் பொறுப்பு."

பெயர், அட்டை எண், தேதி, நேரம். நேரத்தை ஆறு மணி பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளின் படம் நாகப்பனின் போனில் இருக்கிறது; நான் பார்த்தேன். ஆறு பத்துக்கு உள்ளே படுத்திருந்தவர் பிழைப்பாரா என்பது உலகத்தில் எவருக்கும் தெரியாது. விளைவு நல்லதான பிறகு அதற்குச் சொந்தம் கொண்டாட ஆட்கள் வருவார்கள். விளைவு தெரியும் முன்பே கையெழுத்துப் போடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. புத்தகங்களில்கூடக் குறைவு.

மூன்றாம் நாள் காலையில் கொம்பையா கண் விழித்தார். மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்ததும் சாவிக்கொத்து யாருடையது என்று கேட்டாராம். அவர் உடைமைகளோடு அதையும் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாகப்பனின் டிரிப் போகவில்லை. அந்தத் தாள் டிரான்ஸ்போர்ட் பிரிவிலிருந்து பாதுகாப்புப் பிரிவுக்குப் போய், அங்கே யாரோ அந்தக் குறட்டை வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டார்கள். மாரிசெல்விக்குக் கான்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள். அதே சம்பளம், அதே மஞ்சள் விளக்கு.

கொம்பையா கண் விழித்த அன்று, ஷிப்டு முடிந்து அவளும் பாண்டிச்செல்வியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டு வாசலில் கோமதியம்மாள் தூக்குவாளியோடு நின்றிருந்தார். மாரிசெல்வியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு நன்றியும் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மவர்களுக்கு வேறு எதையாவதுதான் பேச வரும்.

"ரெண்டு எலும்பு ஒடிஞ்சிருக்காம்" என்றார். "இருமக்கூட முடியாமக் கெடக்காவ. யாரு வேல அது?"

"ஒண்ணு நாந்தான் மதினி. சத்தம் கேட்டுச்சி" என்றாள் மாரிசெல்வி. "இன்னொண்ணு ஹேமந்தா, இவளான்னு தெரியல."

"ஏட்டி, என்ன எதுக்கு இழுக்க?" என்றாள் பாண்டிச்செல்வி.

"சரி, அதயும் என் பேர்லயே எழுதிக்கோங்க."

கோமதியம்மாள் சிரித்துவிட்டார். சிரித்தபடியே தூக்குவாளியை அவள் கையில் கொடுத்து, "உள்ள போ, ஒன்னத்தான் கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றார்.